அலுமினியத்தை அடித்து உருவாக்க எங்களுக்கு ஒரு பொதுப் பட்டறை தாருங்கள்

கிழக்கு மாகாணத்தில் கைத்தொழிலுக்கும் தொழிற்கல்விக்கும் பொறுப்பாக இருக்கும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில், களுவாஞ்சிக்குடிப் பக்கமாக லேத் பட்டறை வைத்திருப்பவன் எழுதுகிறேன். அரிசி ஆலைக்காரர், படகுக்காரர், ஐஸ் ஆலைக்காரர், உழவு இயந்திரம் வைத்திருப்பவர் எல்லோரும் உடைந்த சாமானைத் தூக்கிக்கொண்டு வரும் இடம் என்னுடையது. கேட்கப் போவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலுமினியத்தைச் சூடாக்கி, பிரஸ்ஸில் அழுத்திப் பாகங்கள் செய்யும் ஒரு பொதுப் பட்டறை எங்களுக்கு வேண்டும். தொழிலில் இதை ஓப்பன் டை ஃபோர்ஜிங் என்பார்கள். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒன்று இருந்தால் போதும். பெரிய தொழிற்சாலை கேட்கவில்லை. ஒரு பிரஸ், ஒரு நல்ல உலை, அதோடு சேர்ந்த வெப்பப் பதப்படுத்தும் வசதி, இவற்றை இயக்கத் தெரிந்த ஒரு சிறு கூட்டம். அவ்வளவுதான்.

இப்போது எங்கள் பக்கத்தில் அலுமினியப் பாகம் எப்படிச் செய்யப்படுகிறது என்று பாருங்கள். பழைய பிஸ்டன், ஜன்னல் சட்டம், நசுங்கிய சட்டி, லொறியின் கியர் பெட்டி மூடி எல்லாம் ஒரே மூசையில், அதாவது உலோகம் உருக்கும் சட்டியில், போகும். உருகியதும் மணல் அச்சில் ஊற்றுவார்கள். ஆறிய பிறகு அது என்னிடம் வரும், நான் லேத்தில் கடைந்து அளவுக்குக் கொண்டுவருவேன். மூடி, கவசம், கைபிடி, சின்னப் பெட்டி போன்றவற்றுக்கு இந்த வேலை தாராளமாகப் போதும். வார்ப்பு வேலை செய்பவர்கள் என் நண்பர்கள், அவர்களுடைய தொழிலைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. சிக்கல் எங்கே என்றால், சுமை தாங்கும், சுற்றும், அதிர்வு வாங்கும் பாகங்களிலும் இதே வார்ப்பைத்தான் போடுகிறோம். இரண்டு தண்டுகளை இணைக்கும் கப்ளிங், தண்டின் நுனியில் தட்டாக விரிந்து நிற்கும் ஃபிளான்ஜ், பெல்ட் கப்பியின் நடுப்பகுதி, வலை இழுக்கும் வின்ச்சின் லீவர், பெரிய வளையங்கள் எல்லாம் அந்த வகைதான்.

பெரும்போக அறுவடை நேரம் ஒரு அரிசி ஆலையிலிருந்து உடைந்த கப்ளிங் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள். மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெடித்திருக்கிறது. ஒரு துண்டு தகரச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போய் விழுந்திருக்கிறது. அந்த நேரம் பக்கத்தில் ஆள் நிற்காதது கடவுள் புண்ணியம். உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்பத்தின் நடுப்பகுதி மாதிரி முழுக்கத் துளை. வெளியே லேத்தில் கடைந்து மினுக்கிய பகுதியில் ஒரு குறையும் தெரியாது.

அந்தத் துளைகள் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. உருகிய அலுமினியம் காற்றிலுள்ள ஈரத்திலிருந்து ஐதரசனை உறிஞ்சிக்கொள்ளும். திண்மமாகும்போது அவ்வளவு ஐதரசனை அதனால் வைத்திருக்க முடியாது, அது குமிழியாக உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி என்று இருக்கும் எங்கள் ஊரின் ஈரக்காற்றில், வாயு நீக்கும் வசதி இல்லாத திறந்த மூசையில் உருக்கினால் வேறென்ன வரும்? அதோடு பிஸ்டனில் சிலிக்கன் நிறைய இருக்கும், பெரும்பாலும் நூற்றுக்கு 12 பங்கு அளவில். ஜன்னல் சட்டத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இராது. இரண்டையும் கலந்து ஊற்றினால் கையில் வருவது என்ன கலவை என்று யாராலும் சொல்ல முடியாது.

ஃபோர்ஜிங் முறையில் உலோகம் உருகுவதே இல்லை. பில்லட் என்கிற நல்ல அலுமினியக் கட்டி ஒன்றை எடுத்து, 6061 என்ற எண்ணால் அழைக்கும் கலவை என்றால் 430 முதல் 480 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, டை என்கிற இரண்டு தட்டையான அழுத்தும் அச்சுகளுக்கு நடுவில் வைத்து அழுத்துவார்கள். கொஞ்சம் திருப்பி மறுபடி அழுத்துவார்கள். நிமிர்த்தி வைத்து அழுத்தினால் பரந்து தட்டாகும், படுக்கவைத்து அழுத்திக்கொண்டே போனால் நீண்டு தண்டாகும். நடுவில் துளையிட்டு, துளைக்குள் உருளை ஒன்றை நுழைத்துச் சுற்றிச் சுற்றி அழுத்தினால் வளையமாகும். உள்ளே வெற்றிடம் இருந்தாலும் போதிய அளவு அழுத்தும்போது மூடி ஒட்டிக்கொள்ளும். உலோகத்தின் மணிகளும், அதாவது மரத்தின் நார் மாதிரி உள்ளே ஓடும் நுண்ணிய அமைப்பும், பாகத்தின் வடிவத்தோடு சேர்ந்து வளைந்து போகும். சுமை எந்தத் திசையில் வருகிறதோ அந்தத் திசையில் மணி ஓடும்படி திட்டமிட்டு அழுத்தலாம் என்பதுதான் இந்த வேலையின் பெரிய பலம்.

இதில் மூடிய டை முறையும் உண்டு. பாகத்தின் வடிவத்தையே டையில் குடைந்துவைத்து அடிப்பது. மோட்டர் வாகன உற்பத்திக்கு அது சரி. ஆயிரக்கணக்கில் ஒரே பாகம் தேவைப்படும் இடத்தில்தான் அந்த டையின் செலவு கட்டும். எங்களுக்கு வருவது ஒன்று, இரண்டு, மிஞ்சினால் பத்து. திறந்த டைக்குத் தட்டை டை, வி வடிவ டை, அரைவட்ட டை என்று ஒரு சில இருந்தாலே நூறு விதப் பாகம் செய்யலாம். சரியான வடிவத்தைக் கொஞ்சம் பெரிதாக அழுத்தி எடுத்துவிட்டால் மிச்சத்தை லேத் பார்த்துக்கொள்ளும். லேத் எங்களிடம் வீதிக்கு வீதி இருக்கிறது. அதனால்தான் மூடிய டை கேட்காமல் இதைக் கேட்கிறேன்.

கொழும்பிலிருந்து அலுமினியத் தண்டு வாங்கிக் கடைந்தால் என்ன என்று உங்கள் பொறியியலாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சின்னத் தண்டு, புஷ், பின் எல்லாவற்றுக்கும் அதுதான் சரியான வழி, நானும் அப்படித்தான் செய்கிறேன். பெரிய சாமானுக்கு வந்தால் கணக்கு மாறும். வெளி விட்டம் 300 மில்லிமீற்றர், உள் விட்டம் 200, தடிப்பு 60 என்று ஒரு வளையம் வேண்டும் என்று வையுங்கள். முழுத் தட்டிலிருந்து கடைந்தால் பதினொன்றரைக் கிலோ உலோகம் வாங்க வேண்டும். முடிந்த வளையத்தின் எடை ஆறரைக் கிலோகூட இல்லை. மிச்சம் ஐந்து கிலோ சுருள் சுருளாகத் தரையில் கிடக்கும். இதே வளையத்தை 150 மில்லிமீற்றர் விட்டமுள்ள பில்லட் துண்டு ஒன்றிலிருந்து அழுத்தி எடுத்தால், கடைவதற்கான மிகுதியையும் சேர்த்து எட்டுக் கிலோவுக்குள் முடியும். பணத்தை விடுங்கள். தண்டில் மணி நீளவாக்கில்தான் ஓடும். அதிலிருந்து ஃபிளான்ஜ் கடைந்தால், ஃபிளான்ஜ் தண்டோடு சேரும் மூலையில், அதாவது சுமை அதிகம் விழும் அதே இடத்தில், மணி வெட்டுப்பட்டு நிற்கும். அழுத்திப் பரப்பிய ஃபிளான்ஜில் மணி மூலையைச் சுற்றி வளைந்து போகும்.

நான் சொல்லும் அளவுக்கு எவ்வளவு பெரிய பிரஸ் வேண்டும் என்றும் பார்த்துவைத்திருக்கிறேன். 250 மில்லிமீற்றர் விட்டத்துக்கு ஒரு தட்டை 450 பாகையில் அழுத்த 250 தொன் அளவு விசை வேண்டிவரும். ஆகவே 300, வசதியிருந்தால் 400 தொன் ஹைட்ரோலிக் பிரஸ். அலுமினியம் மென்மையானதுதானே, சின்னப் பிரஸ் போதும் என்று யாராவது கோப்பில் எழுதினால் தயவுசெய்து நம்ப வேண்டாம். 7075 போன்ற உறுதியான கலவைகள், பழுக்கக் காய்ச்சிய சாதாரண உருக்கைவிட அதிக அழுத்தம் கேட்பவை. மின்சாரம் பெரிய பிரச்சினை இல்லை. 100 கிலோ அலுமினியத்தை 450 பாகைக்குக் கொண்டுவர, உலையின் இழப்பைச் சேர்க்காமல் பார்த்தால் 12 யூனிட் போதும்.

பிரஸ்ஸைவிட உலைதான் எனக்குப் பெரிய கவலை. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில் பிழை விட்டால் எல்லாம் பிழையாகிவிடும்.

எங்கள் ஊர்க் கொல்லர்கள் இரும்பின் நிறத்தைப் பார்த்தே வேலை செய்பவர்கள். கருஞ்சிவப்பு, செர்ரிச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று நிறம் மாற மாற எப்போது அடிக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். தாக்கத்தியும் மண்வெட்டியும் வெட்டுக்கத்தியும் அந்தக் கண்ணால்தான் உருவாகின்றன. அலுமினியத்தில் அந்தக் கண் உதவாது. 450 பாகையில் இருக்கும் துண்டும் மேசையில் குளிர்ந்து கிடக்கும் துண்டும் பார்வைக்கு ஒன்றுதான், அதே வெள்ளி நிறம். நிறம் மாறும் என்று காத்திருந்தால் கண்முன்னே உருகி விழும். 6061 கலவை 582 பாகையில் உருகத் தொடங்குகிறது, 7075 இன்னும் கீழே, 480 பாகைக்குள்ளேயே. ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிக் கதைத்தேன். பட்டறையில் ஐம்பது வருடத்துக்கு மேலாக நிற்பவர். "தம்பி, இரும்பு எண்டா தானே சொல்லும், இந்தச் சாமானிட்ட நாமதான் கேக்கோணும்" என்றார். எப்படிக் கேட்பது என்றும் அவரே செய்து காட்டினார். காய்ந்த மரக்குச்சி ஒன்றைச் சூடான துண்டின் மேல் இழுத்தார். குச்சி வழுக்கிக்கொண்டு போய், போன வழியில் கறுப்புக் கோடு விட்டது. சவர்க்காரத்தால் கோடு போட்டுவைத்து அது கறுக்கிறதா என்று பார்க்கும் வழக்கமும் தொழிலில் உண்டு.

இந்த உபாயங்கள் அவசரத்துக்கு நல்லவை. பொறுப்பான பாகத்துக்குப் போதா. காற்றைச் சுழற்றும் விசிறி உள்ள மின் உலை வேண்டும். உலையின் எந்த மூலையிலும் வித்தியாசம் பத்துப் பாகைக்குள் இருக்க வேண்டும். உலோகத்தைத் தொட்டு அளக்கும் தெர்மோகப்பிள் வேண்டும். தூர நின்று அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை வாங்கித் தந்து வேலையை முடித்துவிடாதீர்கள். பளபளப்பான அலுமினியம் வெப்பத்தைக் கதிராக வெளியிடுவது மிகக் குறைவு, அதனால் அந்தக் கருவி உண்மையைவிடக் குறைத்துத்தான் காட்டும். குறைத்துக் காட்டுவதை நம்பி மேலும் சூடாக்கினால் துண்டு உள்ளேயே கெட்டுவிடும். தடிப்பில் 25 மில்லிமீற்றருக்கு 10 முதல் 20 நிமிடம் வரை உலையில் ஊறவிட வேண்டும், நடுப்பகுதியும் அதே சூட்டுக்கு வர வேண்டுமே.

டைகளையும் சூடாக்க வேண்டும். அலுமினியம் சூட்டை மிக வேகமாகக் கடத்தும். குளிர்ந்த டையில் வைத்த உடனே மேற்தோல் குளிர்ந்து, அழுத்தும்போது விளிம்பில் வெடிப்பு ஓடும். ஹைட்ரோலிக் பிரஸ்ஸுக்கு டைகளை 300 பாகைக்கு மேல் வைத்திருப்பதுதான் வழக்கம். அதே நேரம் வேகமாக மாறிமாறி அடித்தால் அடியாலேயே உலோகத்தின் சூடு ஏறும். ஆகவே இந்த வேலைக்குப் பவர் ஹமர் என்கிற இயந்திரச் சம்மட்டியைவிட மெதுவாக இறங்கும் பிரஸ்தான் பாதுகாப்பு.

பாதுகாப்பு என்றதும் இன்னொன்று. சூடு கண்ணுக்குத் தெரியாத உலோகம் என்பதால், பயிற்சிக்கு வரும் பொடியன்மார் கையால் தொட்டுவிடுவார்கள். சூடான துண்டு கிடக்கும் இடத்துக்குக் கம்பி வேலி, ஒவ்வொரு துண்டிலும் அடையாளம், தோல் கையுறை எல்லாம் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். பிரஸ்ஸின் ஹைட்ரோலிக் எண்ணெய் சூடான துண்டில் பீச்சியடித்தால் தீப்பிடிக்கும். எளிதில் தீப்பற்றாத வகைத் திரவம் விற்கிறார்கள். கேள்விப்பத்திரத்தில் அதையே கேளுங்கள்.

அழுத்தி முடித்தால் பாதி வேலைதான் முடிந்தது. மற்றப் பாதி வெப்பப் பதம். 6061 கலவை பதமின்றி மென்மையாக இருக்கும்போது சுமார் 55 மெகாபாஸ்கலிலேயே வளைந்துகொடுக்கும். முறையாகப் பதப்படுத்தினால் அது 276 வரை தாங்கும். ஐந்து மடங்கு. 530 பாகையில் ஊறவைத்து, உலைக் கதவு திறந்து பதினைந்து வினாடிக்குள் தண்ணீரில் இறக்கி, பிறகு 175 பாகை அடுப்பில் எட்டு மணித்தியாலம் வைத்திருக்க வேண்டும். உலைக்கும் தொட்டிக்கும் நடுவில் நாலைந்து மீற்றர் இடைவெளி விட்டுக் கட்டிடம் வரைந்தால் அந்தப் பதினைந்து வினாடி எங்கே கிடைக்கும்? அதனால்தான் சொல்கிறேன், கட்டிட வரைபடம் போடும் மேசையில் இந்த வேலை தெரிந்த ஒருவர் உட்கார வேண்டும். கடைசியில் ஒவ்வொரு பாகத்திலும் கடினத்தன்மை பார்க்க வேண்டும். 6061க்குப் பதம் சரியாக ஏறியிருந்தால் பிரினெல் அளவில் 95 வரும். 50, 60 என்று காட்டினால் அந்தப் பாகம் பட்டறையை விட்டு வெளியே போகக்கூடாது.

ஏன் இவ்வளவு விவரம் எழுதுகிறேன் என்றால், இங்கே இயந்திரம் வந்து இறங்கியதும் அலுவல் முடிந்துவிட்டது என்று நினைக்கும் வழக்கம் இருக்கிறது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு பயிற்சி நிலையத்தில் நல்ல இயந்திரம் ஒன்று பொலித்தீன் கூட கழற்றப்படாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மூன்று ஃபேஸ் மின்சாரம் கட்டிடத்துக்கு வரவில்லை, அதுதான் காரணம். ஒலுவில் துறைமுகத்தின் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். 2013 இல் திறந்தார்கள், வாயை மணல் மூடியது, பக்கத்துக் கரையையும் கடல் அரித்தது. அப்படி இன்னொன்று எங்களுக்கு வேண்டாம்.

உலோகம் பற்றியும் ஒரு வேண்டுகோள். தொடங்கிய உடனே பழைய சாமானை உருக்கிப் பில்லட் ஊற்றலாம் என்று யாராவது திட்டம் கொண்டுவருவார்கள். பழைய அலுமினியத்தை மீண்டும் பயன்படுத்துவதற்கு, தாதிலிருந்து புதிதாக எடுக்கத் தேவைப்படும் சக்தியில் இருபதில் ஒரு பங்குதான் செலவு, ஆகவே யோசனை கெட்டது இல்லை. ஆனாலும் கலவை பார்க்கும் கருவியும் வாயு நீக்கும் உலையும் இல்லாமல் அதில் இறங்கினால் நாங்கள் இப்போது இருக்கும் இடத்துக்கே திரும்பி வருவோம். சிலிக்கன் கூடிய வார்ப்புக் கலவை பிரஸ்ஸில் அழுத்தினால் விளிம்பிலிருந்து பிளந்துகொண்டு வரும். முதல் சில வருடம் சான்றிதழோடு வரும் பில்லட்டை மட்டும் வாங்குவோம். ஆலைச் சாமானுக்கு 6061 அல்லது 6082, உப்புத் தண்ணீரில் கிடக்கும் சாமானுக்கு 5083. 7075 உறுதிதான், ஆனால் கடல் தண்ணீர் அதற்கு ஆகாது. வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்துக்கும் கல்முனைக் கரைக்கும் போகும் பாகத்தில் அதைப் போடக்கூடாது. எந்தக் கலவையானாலும் பித்தளையோடு நேரே முட்டவிட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம்தான் கரையும். நடுவில் நைலோன் வளையம் போட வேண்டும் என்பதையும் படகுக்காரருக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எங்கே வைப்பது என்பதில் ஊருக்கு ஊர் இழுபறி வரும் என்று தெரியும். சம்மாந்துறையிலும் மட்டக்களப்பிலும் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, அம்பாறையில் ஹார்டி உயர் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. என் அபிப்பிராயம் சம்மாந்துறை. நெல் விளையும் பக்கம், அரிசி ஆலைகள் கிட்ட, ஒலுவிலும் தூரம் இல்லை, தமிழ் ஆட்களும் முஸ்லிம் ஆட்களும் சிங்கள ஆட்களும் போக்குவரத்துக் கஷ்டமின்றி வரலாம். வேறு இடம் முடிவானாலும் எனக்கு மனக்குறை இல்லை. மூன்று ஃபேஸ் மின்சாரம், நல்ல தண்ணீர், லொறி உள்ளே வந்து திரும்பும் அளவு வளவு, இவை இருக்கும் இடமாக இருக்கட்டும்.

யார் கற்பிப்பது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பட்டம் பெற்ற பொறியியலாளர் ஒருவர் கட்டாயம் வேண்டும், வெப்பப் பதத்தின் கணக்கு அவருடையது. அவருக்குப் பக்கத்தில் எங்கள் கொல்லர்கள் நிற்க வேண்டும். உலோகம் அடிக்கு எப்படி ஓடும், எந்தப் பக்கம் திருப்பினால் மடிப்பு விழாது, எப்போது மறுபடி உலைக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர்களுடைய கைக்குத் தெரியும். அலுமினியத்துக்கு அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியது சூட்டை அளப்பது. அதைச் சில வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். சான்றிதழ் இல்லை என்று அவர்களை வெளியே நிறுத்த வேண்டாம். முன் அனுபவத்தைச் சோதித்து தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் வழி இந்த நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த வழியை இவர்களுக்குத் திறந்துவிடுங்கள். தங்கள் பிள்ளைகளை இந்தத் தொழிலுக்கு விடமாட்டோம் என்று சொல்லும் கொல்லர் குடும்பங்களை எனக்குத் தெரியும். கல்லூரியில் போதனாசிரியராகச் சம்பளத்தோடு தகப்பன் நிற்பதைப் பார்த்தால் அந்தப் பிள்ளைகளின் எண்ணம் மாறலாம்.

பட்டறை வந்த பிறகு வேலை வருமா என்று நிதிப் பகுதி கேட்கும். வரும், அதற்கு உங்கள் கையிலும் ஒரு சாவி இருக்கிறது. அரச நிறுவனங்களின் நீர்ப்பம்பி, குளிரூட்டி, படகு திருத்த வேலைக்குக் கேள்விப்பத்திரம் போடும்போது, சுமை தாங்கும் அலுமினியப் பாகத்துக்குக் கலவையின் பெயர், ஃபோர்ஜிங், பதம், கடினத்தன்மை அறிக்கை ஆகிய நான்கையும் எழுதிக் கேளுங்கள். இப்போது எழுதுவது "அலுமினியம், நல்ல தரம்" என்பதுதான். நல்ல தரம் என்று எழுதினால் மலிவானவர்தான் வெல்வார்.

அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் இதைப் பேசுவதாக இருந்தால் எங்களையும் கூப்பிடுங்கள். களுவாஞ்சிக்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை உள்ள லேத் பட்டறைக்காரர்கள் சிலரிடம் கதைத்திருக்கிறேன், உடைந்த பாகங்களை எடுத்துக்கொண்டு வரத் தயாராக இருக்கிறார்கள். நான் அந்தக் கப்ளிங்கின் துண்டுகளையும், மேலே சொன்ன வளையத்தின் வரைபடத்தையும், உலையும் தொட்டியும் எப்படி அமைய வேண்டும் என்று வரைந்த தாளையும் கொண்டுவருவேன். கார்த்திகை மழை தொடங்கினால் வீதியெல்லாம் வெள்ளம், அதற்கு முன் ஒரு திகதி குறித்துத் தந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
களுவாஞ்சிக்குடிப் பக்கத்து லேத் பட்டறைக்காரன்